அலாஸ்காக் கப்பலுக்குப் பெட்டி கட்டுதல்: கோடையிலும் குளிரும் மழையும் மாறி மாறி வருமென்றால் எதை எடுத்துச் செல்வது?

செக்காலை வாசி (காரைக்குடி):

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆனி மாதம் அப்பச்சியையும் ஆத்தாவையும் அழைத்துக்கொண்டு சியாட்டிலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து புறப்படும் ஒரு வார அலாஸ்காக் கப்பலில் தம்பி எங்களுக்கு இடம் பதிவு செய்திருக்கிறான். கெட்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய துறைகளில் கப்பல் நிற்கும். ஒரு நாள் முழுவதும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் பனியாறுகளைப் பார்த்தபடி செல்லும். திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப் பொழுது நிற்கும்.

பெட்டியில் எதை வைப்பது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரே வாரத்துக்கான வானிலைக் கணிப்பில் 8 டிகிரியும் இருக்கிறது, 20 டிகிரியும் இருக்கிறது, எல்லா நாளிலும் மழைப் படமும் இருக்கிறது. உறவினர்களில் ஒரு சாரார் கனத்த கம்பளிக் கோட்டு இல்லாமல் போகவே கூடாது என்கிறார்கள். மற்றவர்கள் அங்கே அது கோடைக்காலம்தானே, ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிறார்கள். அப்பச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, சர்க்கரை நோயும் உண்டு. ஆத்தா கண்டாங்கிச் சேலையும் செருப்பும் தவிர வேறெதுவும் அணிந்து பழகாதவர். அவர்கள் இருவரும் அறைக்குள்ளேயே முடங்கிவிடாமல் மேல்தளத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

கானாடுகாத்தான் மாலுமி:

தம்பிக்கு வணக்கம். அந்தக் கரையோரம் ஓடும் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் குளிருக்கு அஞ்சிப் பெட்டி கட்டுகிறார்கள். ஆனால் அங்கே அவர்களை வாட்டுவது ஈரமும் காற்றும்தான். ஆனி, ஆடி மாதங்களில் ஜூனோவில் பகல் வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 18 டிகிரி வரை இருக்கும். இரவில் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். மார்கழியில் கொடைக்கானலில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு இந்தக் குளிர் புதிதன்று. நன்றாக வெயில் அடிக்கும் நாளில் 25 டிகிரியைத் தொடுவதும் உண்டு.

மழைதான் நாம் அறியாத மழை. பசிபிக் கடலின் ஈரக்காற்று, கரையிலிருந்து நேரே எழும் மலைகளில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். கெட்சிக்கனில் அது 3,500 மில்லிமீட்டருக்கும் அதிகம். கப்பல் துறைக்கு அருகிலேயே ஊரின் மழைக்கணக்கைக் காட்டும் பெரிய அளவுப் பலகையை அவர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் நம் ஊரில் இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும்போது முகப்பில் ஒதுங்கி நின்று, விட்டதும் புறப்படுவோம். அங்கே அப்படி ஒதுங்கினால் கப்பல் கிளம்பும் வரை ஒதுங்கியே நிற்க வேண்டியதுதான். ஏனென்றால் அது மெல்லிய தூறலாக நாள் முழுவதும் விடாமல் பெய்யும். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ரப்பர் பூட்ஸ் அணிந்துகொண்டு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். ஸ்காக்வேயின் கதை வேறு. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய நீண்ட கடற்கழியின் கோடியில், மழை மறைவுப் பகுதியில் இருப்பதால், அங்கே நம் மாவட்டத்தைவிடவும் குறைவாகவே மழை பெய்கிறது. அதற்குப் பதிலாகக் காற்று இடைவிடாமல் வீசுகிறது. ஆகவே உங்கள் தொலைபேசியில் எட்டும் இருபதும் மழைப் படமும் சேர்ந்து வருவதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரே பயணத்துக்குள் அத்தனையும் நடக்கும், சில நேரம் ஒரே நாளுக்குள்ளும் நடக்கும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போகிறது என்றால் அது ஏறத்தாழ 37 கிலோமீட்டர். இயற்கையாகக் காற்றே இல்லாவிட்டாலும் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் அந்த வேகத்தில் காற்று அடிக்கும். 10 டிகிரி வெப்பம் உடம்புக்கு 6 டிகிரி போலத் தெரியும். எதிர்காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். கம்பளி ஸ்வெட்டரின் கண்களுக்குள் அந்தக் காற்று தாராளமாக நுழைந்துவிடுமாதலால், காற்றைத் தடுக்கும் மேலாடை இல்லாமல் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் நடுக்கம் நிற்காது.

எனவே மூன்று அடுக்காக எடுத்துச் செல்லுங்கள். உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல் பனியன். அது பாலியஸ்டராகவோ மெல்லிய கம்பளியாகவோ இருக்கலாம், பருத்தி மட்டும் வேண்டாம். அதன் மேல் ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, தலைக்குல்லாயோடு சேர்ந்த மழை ஜாக்கெட். இந்த மூன்றாவதில்தான் நீங்கள் பணத்தைச் செலவிட வேண்டும். ஃபிளீஸின் மேல் போட்டாலும் கையை உயர்த்த முடிகிற அளவுக்கு அது ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: எல்லாத் தையலின் மேலும் ஒரு விரல் அகலத்தில் பட்டை ஒட்டியிருந்தால் அது தண்ணீர் புகாத ஜாக்கெட். அந்தப் பட்டை இல்லாதது சிறு தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு ஊசி போன இடமெல்லாம் ஊறத் தொடங்கும்.

வாங்கியதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். உள்ளே சாம்பல் நிறப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஜாக்கெட்டை அணிந்து, குல்லாயின் நாடாவை இழுத்துக் கட்டி, ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். கழற்றியதும் தோள்பட்டை, ஜிப்பின் ஓரம், மணிக்கட்டு ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். சாம்பல் நிறத் துணியில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கருத்துத் தெரியும் என்பதால்தான் அந்த நிறத்தைச் சொல்கிறேன்.

பனியாற்று நாள் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. பூங்காவின் வனத்துறையினர் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று, இரு பக்கத்தாரும் பார்க்கும்படி மெல்லத் திரும்பும். பனியின் மேலிருந்து கனத்த குளிர்காற்று சரிந்து இறங்குவதால் அன்றைக்குக் காதை மூடும் குல்லாயும் மெல்லிய கையுறையும் கட்டாயம் தேவை. பெரியவர்கள் முதலிலிருந்தே வெளியில் நிற்க வேண்டியதில்லை. கப்பலுக்குள் இதமான சூடு இருக்கும். பனியாறு நெருங்கும்போது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் போதும். காலையிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் வியர்த்துவிடும். அந்த வியர்வை ஈரத்தோடு வெளியே போவது மழையில் நனைவதற்குச் சமம்.

புதுவயல் வாசகர்:

மாலுமி அண்ணன் சொன்னது இளவயதினருக்குப் பொருந்தும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வோர் அடுக்காகத் தலைவழியே மாட்டுவதும் கழற்றுவதும் பெரும் சிரமம். எங்கள் பெரியவர்களை வெளிநாடு அழைத்துச் சென்றபோது முழங்கால் வரை நீளும் கம்பளிக் கோட்டு ஒன்றையே மாட்டிவிட்டோம். போட்டால் ஒரே வேலை, கழற்றினால் ஒரே வேலை. அதோடு ஆளுக்கொரு குடையும் கொடுத்துவிட்டால் மழைக்கும் கவலை இல்லை என்பது என் கருத்து.

தேவகோட்டை ஆச்சி:

புதுவயல் தம்பி சொல்லும் சிரமம் உண்மையானது. அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதற்குக் கம்பளிக் கோட்டு தீர்வாகாது. நாள் முழுவதும் தூறலில் நனைந்த கம்பளிக் கோட்டு தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், கப்பலின் சிறிய அறையில் மறுநாளும் காயாது. குடையோ கடற்கரைக் காற்றில் மேல்நோக்கி மடங்கிவிடும். வழுக்கும் மரப்பாதைகளில் பெரியவர்களுக்குக் கைப்பிடியைப் பற்ற ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதாலும் குடையை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அடுக்குகள் அனைத்தையும் முன்பக்கம் ஜிப் வைத்ததாக வாங்குங்கள். தெர்மலைத் தவிர வேறெதுவும் தலைவழியே போடுவதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஜிப்பின் நுனியிலும் தடித்த நூலால் ஒரு வளையம் முடிந்துவிட்டால், விரல் மரத்துப் போனாலும், கையுறை போட்டிருந்தாலும், அவர்களே இழுத்துக்கொள்ளலாம். என் மாமியாருக்கு நான் இப்படித்தான் செய்து கொடுத்தேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் அவராகவே மேல்தளத்துக்குப் போய் வந்தார்கள்.

இனி ஆத்தாவின் உடையைப் பற்றி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கி, வெயிலுக்கென்றே நெய்த சேலை. பருத்தி வியர்வையை இழுத்துக்கொள்ளும், காற்றில் உடம்பைக் குளிர்விக்கும். சித்திரை வெயிலில் எந்தக் குணத்துக்காக அதை உடுத்துகிறோமோ, அதே குணம் குளிர்மழையில் நமக்கு எதிராக நிற்கும். கரை ஒரு விரல் நனைந்தால் போதும், ஈரம் மேலேறி முழங்கால் வரை வந்துவிடும். கெட்டியான நெசவாதலால் எளிதில் காயவும் காயாது. அதற்காகச் சேலையையே விடச் சொல்லவில்லை. கப்பலுக்குள் சாப்பாட்டுக் கூடத்துக்கும், எல்லாரும் நன்றாக உடுத்தி வரும் இரவுக்கும் கண்டாங்கியை உடுத்தட்டும். அந்தக் கட்டங்களும் கரையும் அங்கே எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். கரை இறங்கும் நாளுக்குச் சுடிதார் அணியச் சம்மதித்தால் நல்லது. பேன்ட்டு மட்டும் பருத்தியாக இல்லாமல் விரைவில் காயும் துணியாக இருக்கட்டும். சம்மதிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வாழ்நாள் முழுதும் சேலை உடுத்தியவருக்கு அது மனக்கூச்சம் தரும். உள்பாவாடைக்குள் தெர்மல் லெக்கின்ஸ் போட்டு, மெல்லிய சிந்தெடிக் சேலையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே தூக்கிக் கட்டி, கொசுவத்தை உள்ளும் வெளியுமாக இரண்டு ஊக்கால் குத்தி, முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகிய பிறகு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால், காற்றில் சேலை எழும்பாது. ஜாக்கெட் இடுப்புக்குக் கீழே தொங்கும் நீளமானதாக இருக்கட்டும்.

காலணிதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதைத்தான் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறோம். செருப்பிலேயே விரிந்து பழகிய பாதம், மூடிய ஷூவுக்குள் ஒரே நாளில் அடங்காது. இப்போதே வாங்கி, தினமும் மாலையில் வளவைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். ஷூ வாங்க மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, அங்கே போடப்போகும் தடித்த காலுறையையும் கையோடு கொண்டுபோய் அணிந்து பார்த்து வாங்குங்கள். வழக்கமான அளவைவிட அரை அளவாவது பெரிதாகத் தேவைப்படும். மெட்டி தடித்ததாக இருந்தால் காலுறைக்குள் பக்கத்து விரலை அழுத்திப் புண்ணாக்கும். கழற்ற மனம் ஒப்பாதவர்கள், பயணத்துக்கென்று தட்டையான மெல்லிய மெட்டி ஒரு சோடி மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. எந்தத் துணி சீக்கிரம் காயும் என்பதை நம் மாடி வெயிலில் சோதிக்காதீர்கள். இங்கே வைகாசியில் ஜமுக்காளம்கூட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இரவில் துவைத்துப் பிழிந்து, கதவு மூடிய குளியலறைக்குள் தொங்கவிடுங்கள். காலையில் எது ஈரமில்லாமல் இருக்கிறதோ அதைப் பெட்டியில் வையுங்கள். ஜீன்ஸ் பேன்ட்டு இந்தச் சோதனையில் ஒருநாளும் தேறாது.

பள்ளத்தூர் மருத்துவர்:

அப்பச்சிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன். நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கக் கூடும். காலுறை நனைந்ததோ, ஷூ உரசியதோ அவருக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே கரை இறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு மாற்றுக் காலுறையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். இரவில் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, பாதத்தை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குளிர்கிறது என்று வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்க விடாதீர்கள்; சூடு தெரியாமல் கொப்புளம் கண்டுவிடும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதை விமானத்தின் சரக்குப் பெட்டியில் அனுப்பக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. சர்க்கரை பார்க்கும் கருவியும் பட்டைகளும் அதிகக் குளிரில் சரியான அளவைக் காட்டாமல் போகலாம் என்பதால், வெளியே இருக்கும்போது ஜாக்கெட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

உதடும் தோலும் காற்றில் வெடிக்கும். நம் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அங்கே புட்டியிலிருந்து வெளியே வராது; வாசலின் டப்பா ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கடலும் பனியும் ஒளியைத் திருப்பி அடிப்பதால், குளிர்தானே என்று எண்ணாமல் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வைத்துக்கொள்வது அவசியம். கண்புரை அறுவை செய்தவர்களுக்குக் கண்ணாடி மிக மிக அவசியம்.

செக்காலை வாசி (காரைக்குடி):

அண்ணனுக்கும் ஆச்சிக்கும் மருத்துவர் ஐயாவுக்கும் புதுவயல் நண்பருக்கும் என் நன்றி. ஜிப்பில் நூல் வளையம் முடிவதை ஆத்தா இன்றைக்கே தொடங்கிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஸ்காக்வேயில் மலைமேல் ஏறும் ரயிலுக்குத் தம்பி சீட்டு எடுத்திருக்கிறான். அன்றைக்குத் தனியாக ஏதேனும் தேவையா? கப்பலில் ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும் பெட்டிகளை எப்படிப் பிரித்து வைப்பது?

கானாடுகாத்தான் மாலுமி:

அந்த ரயில் பாதை 1898இல் தங்க வேட்டைக் காலத்தில் தொடங்கி 1900இல் முடிந்தது. கடல் மட்டத்தில் புறப்பட்டு 873 மீட்டர் உயரத்தில் உள்ள ஒயிட் பாஸ் கணவாய் வரை ஏறும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்ற கணக்கில், ஸ்காக்வேயில் 15 டிகிரியாக இருந்தால் உச்சியில் 9 அல்லது 10 டிகிரிதான் இருக்கும். மேகம் மூடினால் இன்னும் குளிரும். ரயில் பெட்டிகளுக்குள் வெப்பமூட்டும் வசதி உண்டு. படம் எடுப்பதற்காகப் பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள திறந்த மேடைக்கு வருகிறவர்களுக்குத்தான் குல்லாயும் கையுறையும் வேண்டும். பனியாற்று நாளுக்கு வைத்திருக்கும் அதே உடை போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

பெட்டி விஷயத்தில் சற்றுக் கவனம் தேவை. ஏறும் நாளில் துறைமுகத்திலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகலாம், சில நேரம் கப்பல் கிளம்பிய பிறகும் வரலாம். கப்பல் துறையை விட்டு நகரும்போது எல்லாரும் மேல்தளத்தில் நிற்பார்கள், அப்போதே காற்று தொடங்கிவிடும். ஆகவே இருவருடைய ஜாக்கெட், ஃபிளீஸ், குல்லாய், மருந்து அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்திலும் இதே ஏற்பாடு உதவும். சென்னையிலிருந்து சியாட்டிலுக்குள் இடையில் விமானம் மாறும்போது பெட்டி தங்கிவிட்டாலும், ஒரு முழு அடுக்கு உங்கள் கையில் இருக்கும்.

கப்பலுக்கு இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கெட்டிலும் கொண்டுபோகாதீர்கள். தீ ஆபத்து என்று வாங்கி வைத்துவிடுவார்கள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால், காந்தக் கொக்கி நான்கைந்து எடுத்துச் சென்றால் ஈர ஜாக்கெட்டுகளைத் தனித்தனியே காற்றோட்டமாகத் தொங்கவிடலாம்.

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு பெரிய பெட்டிகளைப் பூட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அவை மறுநாள் காலை துறைமுகக் கொட்டகையில்தான் மீண்டும் கைக்கு வரும். எனவே மறுநாள் உடுத்த வேண்டிய உடை, ஷூ, காலுறை, ஜாக்கெட் ஆகியவற்றை முதலில் கட்டிலின் மேல் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு மற்றதைப் பெட்டியில் அடுக்குங்கள். ஆனி மாதத்திலும் சியாட்டிலின் காலை வேளை 12, 13 டிகிரியில் இருக்கும் என்பதால், ஆத்தாவின் ஃபிளீஸை அன்றைக்கும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.